இன்னும் ஒரேயோர் அங்கம்!

இரவு பன்னிரண்டரை மணி. பிள்ளைகள் நித்திரை. குசினி கழுவித் துடைத்தாகிவிட்டது. காலைச் சாப்பாட்டுக்குக் கடலை ஊறப் போட்டாகிவிட்டது. இஷாவும் தொழுதாகிவிட்டது. கணவர் கடல் கடந்த தேசத்தில் இருக்கிறார். அல்லது பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். இந்த நாளில் முதல் தடவையாக இப்போதுதான் உங்களை யாரும் கூப்பிடவில்லை.

கைத்தொலைபேசியை எடுக்கிறீர்கள். "ஒரேயோர் அங்கம் பார்த்துவிட்டுப் படுப்போம்" என்று மனதுக்குச் சொல்லிக்கொள்கிறீர்கள். அந்த அங்கம் முடிகிற இடத்தில் கதாநாயகனின் முதுகுக்குப் பின்னால் ஒரு வாள் உயர்கிறது. திரையின் மூலையில் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்கள் இறங்குகின்றன. நீங்கள் ஒன்றையும் தொடவில்லை. அடுத்த அங்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது.

பாங்கு சொல்லும்போது கண்கள் எரிகின்றன. தலை கனக்கிறது. தொழுதுவிட்டுச் சாய்ந்தால், சற்று நேரத்தில் பிள்ளை வந்து உலுக்குகிறது: "உம்மா, ஸ்கூலுக்கு நேரமாச்சு!"

சகோதரியே, இந்த இரவு உங்களுக்குப் பழக்கமானதா? கலியாண வீடுகளில் சந்திக்கும்போது "எனக்கு அந்த நாடகம் என்றால் பைத்தியம்", "நான் அதற்கு அடிமையாகிவிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அந்தச் சிரிப்புக்குள் ஒரு சின்னப் பயமும் ஒளிந்திருக்கிறது. உண்மையிலேயே இது அடிமைத்தனமா? கவலையை மறக்கவென்று தொடங்கும் பழக்கம், நாம் விட நினைத்தாலும் நம்மை விடாத நிலைக்குப் போய்விடுமா?

பயமுறுத்தாமலும் மழுப்பாமலும் இதற்கு விடை தேடிப் பார்ப்போம்.

கதை கேட்டு அழுவது புதிதல்ல

வீட்டு வேலைக்கு நடுவே தொடர்கதையில் மனதைப் பறிகொடுப்பது இன்றைய பெண்கள் கண்டுபிடித்த பழக்கம் அல்ல. 1930களில் அமெரிக்க வானொலிகளில் பகல் வேளைகளில் தொடர் நாடகங்கள் ஒலிபரப்பாகின. சவர்க்காரக் கம்பனிகள் பணம் கொடுத்து நடத்தியதால் அவற்றுக்குச் 'சவர்க்கார நாடகங்கள்' என்றே பெயர் வந்தது. வீட்டுப் பெண்கள் கோடிக்கணக்கில் அவற்றைக் கேட்டார்கள். உடனே கண்டனங்களும் கிளம்பின. 1942இல் நியூயோர்க் மனநல வைத்தியர் ஒருவர், இந்த நாடகங்கள் பெண்களின் உடல்நலத்தையே கெடுக்கின்றன என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். அதற்கு அவர் காட்டிய சான்று என்ன தெரியுமா? நாடகங்களைக் கேட்டபோது தமக்கே ஏற்பட்ட நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும்தான்!

அதே காலத்தில் ஹெர்த்தா ஹெர்சொக் என்ற பெண் ஆய்வாளர் வேறு வழியில் போனார். நாடகம் கேட்கும் பெண்களிடமே சென்று, "இதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?" என்று விசாரித்தார். சிலருக்கு அது அழுது தீர்க்க ஓர் இடம். சிலருக்குத் தமக்குக் கிடைக்காத வாழ்க்கையைக் கனவு காண ஒரு வாசல். இன்னும் சிலர், மாமியாரோடும் கணவரோடும் பிள்ளைகளோடும் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு அதில் புத்திமதி தேடினார்கள். தன்னைப் போலவே இன்னொருத்தியும் துன்பப்படுகிறாள் என்று கேட்பதே அவர்களுக்கு ஓர் ஆறுதலாக இருந்தது.

வைத்தியர் கண்டித்தார், ஹெர்சொக் கேட்டார். கேட்டவருக்குத்தான் விஷயம் விளங்கியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

நிறுத்தும் இடம் எங்கே போனது?

நமது நாட்டில் 1979இல் ஐ.டீ.என். தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கின. அன்றைக்கு ஒரு தொடர் நாடகம் என்றால் வாரத்துக்கு ஓர் அங்கம். 'தொடரும்' என்ற எழுத்து விழுந்ததும் எழும்பித்தான் ஆக வேண்டும். அடுத்த வாரம் வரைக்கும் அந்தக் கதையைப் பற்றி அண்டை வீட்டு ராத்தாவோடு வேலியோரம் நின்று கதைக்கலாம். அந்த 'தொடரும்' நமது வீட்டுக்கு ஒரு கதவாக இருந்தது. அது தானாக மூடிக்கொள்ளும். நாம் நமது வேலைக்குத் திரும்பிவிடுவோம்.

அந்தக் கதவு இன்று இல்லை. 2013ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி நெட்பிளிக்ஸ் நிறுவனம் 'ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்' என்ற தனது தொடரின் 13 அங்கங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. அங்கம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் ஏற்பாட்டை அதற்கு முந்திய ஆண்டே கொண்டுவந்திருந்தது. ஒரே இருப்பில் பல அங்கங்களைப் பார்த்துத் தள்ளுவதை ஆங்கிலத்தில் 'பிஞ்ச் வாட்சிங்' என்கிறார்கள். 'பிஞ்ச்' என்பது அளவு கணக்கில்லாமல் குடிப்பதற்கும் தின்பதற்கும் வழங்கி வந்த சொல். 2015இல் கொலின்ஸ் அகராதியினர் இந்தச் சொல்லையே அவ்வாண்டின் சொல்லாகத் தெரிவு செய்தார்கள். 2017இல் நெட்பிளிக்ஸின் தலைவர், தமது நிறுவனம் மனிதரின் நித்திரையோடுதான் போட்டியிடுகிறது என்ற கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

சகோதரியே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நள்ளிரவில் உங்களால் நிறுத்த முடியாமல் போவது உங்கள் பலவீனம் மட்டுமல்ல. நிறுத்தும் இடமே இல்லாதபடிதான் அந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது. மதில் இல்லாத கிணற்றில் தடுக்கி விழுந்தவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

"நல்ல நாடகம்தானே!"

நமது வீடுகளில் இன்னொரு சமாதானமும் உண்டு. "நான் கண்டதையெல்லாம் பார்ப்பதில்லை. இது நமது சரித்திரம். நல்ல விஷயம்."

துருக்கியின் 'எர்துருல்' தொடரையே எடுத்துக்கொள்வோம். 2014 முதல் 2019 வரை துருக்கி அரச தொலைக்காட்சியில் ஐந்து பருவங்களாக ஓடியது. 2020இல் பாகிஸ்தான் தொலைக்காட்சி உருது மொழியில் ஒளிபரப்பியது. உலகெங்கும் முஸ்லிம் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தன. பெருந்தொற்றுக் காலத்தில் வீடுகளுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு அது பெரிய துணையாகவும் இருந்தது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 150 அங்கங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். ஆக 300 மணித்தியாலம். ஓர் இரவுக்கு மூன்று மணித்தியாலம் வீதம் பார்த்தாலும் நூறு இரவுகள் வேண்டும். எர்துருலைப் பற்றிச் சரித்திரத்தில் உறுதியாகத் தெரிந்த செய்திகளோ மிகச் சொற்பம். அந்த 300 மணித்தியாலத்தின் பெரும்பகுதி எழுத்தாளரின் கற்பனைதான்.

பார்ப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. நல்ல கதையாக இருப்பது வேறு. அதைப் பார்க்கும் முறை நல்லதாக இருப்பது வேறு. பேரீச்சம்பழம் நல்ல உணவுதான். அதற்காக ஒரே இரவில் ஒரு பெட்டியை முடித்துவிட்டு, வயிற்று வலிக்குப் பழத்தின் நன்மையைச் சொல்லிச் சமாதானம் அடைய முடியுமா?

வைத்திய உலகம் சொல்வது

இனி நேரடியாகக் கேள்விக்கு வருவோம். இது ஒரு நோயா?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் சூதாட்டத்தோடு சேர்த்து, கணினி விளையாட்டுகளில் கட்டுப்பாடிழந்து மூழ்குவதும் ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. தொடர் நாடகம் பார்ப்பது அதில் இல்லை. அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கையேட்டிலும் இல்லை. ஆகவே "எனக்கு நாடக அடிமை நோய்" என்று யாரும் தனக்குத் தானே முத்திரை குத்திக்கொள்ளத் தேவையில்லை. மனிதருக்குப் பிடித்த எல்லாவற்றையும் 'அடிமைத்தனம்' என்று அழைக்கத் தொடங்கினால் சாதாரண வாழ்க்கையே நோயாகிவிடும் என்று 2015இல் ஜோயல் பில்லியூ என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எச்சரித்திருக்கிறார்கள்.

அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லையா? இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாததால் பாதிப்பே இல்லை என்று ஆகிவிடாது.

அமெரிக்க ஆய்வாளர்களான ரொபர்ட் குபேயும் மிஹாய் சிக்சென்ட்மிஹாயியும் பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சிப் பழக்கத்தை ஆராய்ந்து, 2002இல் அதைச் சுருக்கி எழுதினார்கள். மக்களிடம் சமிக்ஞைக் கருவிகளைக் கொடுத்து, அது ஒலிக்கும் நேரத்தில் என்ன செய்கிறார்கள், மனநிலை எப்படி என்று குறிக்கச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போது மனம் இலேசாகிறது என்றே மக்கள் குறித்தார்கள். அணைத்தவுடன் அந்த இலேசு போய்விட்டது. ஆனால் சோர்வும் மந்தமும் மட்டும் அப்படியே மிஞ்சின. விளையாட்டிலோ கைவேலையிலோ ஈடுபட்டவர்கள் அதன்பின் மனம் தெளிந்ததாகச் சொன்னார்கள். தொலைக்காட்சி பார்த்தவர்களின் மனமோ முன்பிருந்த நிலையிலேயே இருந்தது, அல்லது இன்னும் தாழ்ந்தது.

சுழல் விளங்குகிறதா? அணைத்தால் கனம் திரும்பி வருகிறது. திரும்பி வராமலிருக்க அணைக்காமலே இருக்கிறோம். அணைக்காமல் இருந்ததால் மறுநாள் கனம் இன்னும் கூடுகிறது.

நித்திரையின் கதையும் இதுதான். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், பெல்ஜியத்தில் 18க்கும் 25க்கும் இடைப்பட்ட வயதுள்ள 423 பேரிடம் விசாரித்தார்கள். தொடர்ந்து பல அங்கங்களை ஒரே இருப்பில் பார்ப்பவர்களுக்கு நித்திரையின் தரம் குறைவாகவும் பகல் களைப்பு கூடுதலாகவும் இருந்தன. முக்கிய காரணமாக ஆய்வாளர்கள் கண்டது, திரையை அணைத்த பின்னரும் மூளை அணையாமல் இருப்பதுதான். 'அந்த வாள் விழுந்ததா, இல்லையா?' என்று மனம் படுக்கையிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

போவதா, ஒளிவதா?

"எத்தனை மணித்தியாலம் பார்த்தால் ஆபத்து?" என்று நீங்கள் கேட்கலாம். அளவுகோல் அங்கே இல்லை. ஒரு விடுமுறை நாளில் சகோதரிகள் எல்லோரும் கூடி ஐந்து அங்கங்கள் பார்த்துச் சிரித்துவிட்டு எழும்பலாம். அதில் பெரிய கேடு இல்லை. இன்னொருவர் தினமும் இரண்டே அங்கங்கள்தான் பார்க்கலாம். ஆனால் அந்த இரண்டும் இல்லாவிட்டால் அவரால் இரவைக் கடக்க முடியாமல் இருக்கலாம்.

நோர்வே நாட்டு உளவியலாளர் புரோட ஸ்டென்செங், தப்பித்துப் போவதில் இரண்டு வகை உண்டு என்கிறார். ஒன்று, மனதை விரித்துக்கொள்ளப் போவது. போய்வந்தவர் புத்துணர்ச்சியோடு திரும்புகிறார். மற்றது, தன்னையே மறக்கப் போவது. உள்ளே கிடக்கும் வேதனையை நினைக்காமல் இருப்பது மட்டுமே அங்கே நோக்கம். முதலாமவர் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறார். இரண்டாமவர் ஒளிந்துகொள்ளப் போகிறார். வெளியிலிருந்து பார்த்தால் இருவர் கையிலும் இருப்பது ஒரே போன்தான்.

பிஞ்ச் வாட்சிங் பற்றிய பல ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. கதையின் சுவைக்காகப் பார்ப்பவர்களைவிட, கவலையிலிருந்து ஓடவென்று பார்ப்பவர்களிடமே கட்டுப்பாட்டை இழக்கும் அறிகுறிகள் கூடுதலாக இருக்கின்றன. நாடகம் மனச்சோர்வைக் கொண்டுவருகிறதா, மனச்சோர்வு நாடகத்தைத் தேட வைக்கிறதா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். பெரும்பாலும் இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன.

உங்களை நீங்களே கேளுங்கள்

எந்தப் பழக்கமும் அடிமைத்தனமாக மாறுகிறதா என்று அறிய, பிரித்தானிய உளவியலாளர் மார்க் கிரிபித்ஸ் 2005இல் ஆறு அடையாளங்களை வகுத்துச் சொன்னார். அவற்றை நமது வீட்டு மொழியில் தருகிறோம். யாருக்கும் காட்ட வேண்டாம். உங்களுக்கு நீங்களே விடை சொல்லுங்கள்.

1. சோறு வடிக்கும்போதும் பிள்ளைக்குத் தலை வாரும்போதும், "எப்போது எல்லோரும் படுப்பார்கள், எப்போது பார்க்கலாம்" என்ற நினைவே மேலோங்கி நிற்கிறதா?

2. மனம் நொந்துபோகும்போதெல்லாம் கை தானாகப் போனைத் தேடுகிறதா? வேறு எந்த ஆறுதலும் உங்களுக்கு இல்லாமல் போய்விட்டதா?

3. முன்பு ஓர் அங்கம் தந்த இலேசைப் பெற இப்போது நான்கு அங்கங்கள் தேவைப்படுகின்றனவா?

4. மின்சாரம் போனால், டேட்டா முடிந்தால், வீட்டுக்கு விருந்தினர் வந்தால் காரணமில்லாத எரிச்சலும் தவிப்பும் வருகின்றனவா?

5. நித்திரை, தொழுகை நேரம், பிள்ளையின் பாடம், கணவரோடு பேச்சு என்று ஏதாவது ஒன்று தொடர்ந்து பலியாகிறதா? எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேட்டால் பொய் சொல்ல நேர்கிறதா?

6. "இனி இரவில் பார்ப்பதில்லை" என்று பல தடவை முடிவெடுத்து, பல தடவை அதே இடத்துக்குத் திரும்பியிருக்கிறீர்களா?

ஒன்றிரண்டுக்கு "ஆம்" என்றால் நீங்கள் சாதாரண மனிதர். ஆறும் பொருந்துகிறது, பல மாதமாகப் பொருந்துகிறது என்றால், நோய்ப் பட்டியலில் பெயர் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? உங்களுக்கு உதவி தேவை.

செய்யக்கூடியவை

முதலில் காணாமல் போன கதவைத் திரும்பப் பூட்டுங்கள். யூடியூபிலும் நெட்பிளிக்ஸிலும் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்தும் வசதி இருக்கிறது. உங்களுக்குத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையிடம் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. அடுத்த அங்கத்தை உங்கள் விரல்தான் தொடங்க வேண்டும் என்று ஆகிவிட்டால், யோசிக்க ஒரு மூச்சு நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, அங்கம் முடியும் இடத்தில் நிறுத்தப் பார்க்காதீர்கள். அங்கேதான் தூண்டில் இருக்கிறது. நடுவில், ஒரு காட்சி அமைதியாக முடியும் இடத்தில் நிறுத்துங்கள். எவ்வளவு இலகு என்று கண்டு வியப்பீர்கள்.

மூன்றாவது, போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். ஸுபஹுக்கு எழும்ப அலாரம் வேண்டும் என்றால் ஒரு சின்னக் கடிகாரம் வாங்குங்கள். நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் மேலதிக டேட்டா வீணாகிறதே என்று விழித்திருக்காதீர்கள். அந்த டேட்டாவை விட உங்கள் நித்திரை பெறுமதியானது.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். போனை எடுக்கும் முன் ஒரு கேள்வி: "இப்போது எதை மறக்கப் பார்க்கிறேன்?" விடையை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுங்கள். கடனா? மகளின் கலியாணப் பேச்சா? மாமி சொன்ன ஒரு வார்த்தையா? தனிமையா? எழுதிய பின்னரும் நாடகம் பார்க்கலாம், தடையில்லை. ஆனால் பெயர் வைத்த கவலையிலிருந்து முன்போல் ஒளிந்துகொள்ள முடியாது. அடுத்த நாள் பகலில் அதைப் பற்றி ஒருவரிடம் வாய் திறக்கத் தோன்றும். திறந்துவிடுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் இருண்டே இருந்தால், எதிலும் நாட்டமில்லாமல் போனால், சாப்பாடும் நித்திரையும் குழம்பினால், அது நாடகத்தின் பிரச்சினை மட்டுமாக இருக்காது. வைத்தியரிடம் போங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் மனநல கிளினிக்குகள் இருக்கின்றன. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். சர்க்கரை வியாதிக்கு மருந்தெடுப்பதில் வெட்கமில்லை என்றால் இதிலும் இல்லை.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தைக் கணவரிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் காட்டுங்கள். இனி வருவது அவர்களுக்கு.

"எந்நேரமும் போன்தான்" என்று சொல்வது இலகு. அந்த 1942ஆம் ஆண்டு வைத்தியரும் அதைத்தான் செய்தார். ஆனால் ஒரு பெண்ணுக்கு நாளில் தனக்கென்று கிடைப்பது நள்ளிரவு மட்டுமே என்றால், நித்திரையை விற்றாவது அதை வாங்கத்தான் பார்ப்பாள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உங்கள் உம்மாவோ மனைவியோ நடந்துவிட்டு வரட்டும், வாசிக்கட்டும், சும்மா இருக்கட்டும், விரும்பினால் அவளுடைய நாடகத்தையே பார்க்கட்டும். பகலில் கிடைக்கும் ஒரு மணித்தியாலம் இரவின் மூன்று மணித்தியாலத்தை மீட்டுத் தரக்கூடும்.

வெளிநாட்டில் இருக்கும் கணவர்மாரே, அழைப்பெடுக்கும்போது பணம் வந்ததா, பிள்ளை படிக்கிறானா என்று கேட்பதோடு வைத்துவிடாதீர்கள். "நேற்று இரவு நித்திரை கொண்டாயா?" என்று கேளுங்கள். "என்ன நாடகம் பார்க்கிறாய், கதை எப்படிப் போகிறது?" என்றும் கேளுங்கள். கதையைச் சொல்லத் தொடங்குகிறவள் கொஞ்ச நேரத்தில் தன் கதைக்கு வந்துவிடுவாள்.

சகோதரியே, இன்றிரவும் பன்னிரண்டரை மணி வரும். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். அந்த வாள் விழுந்ததா இல்லையா என்பது நாளைக்கும் அப்படியே காத்திருக்கும். கதாநாயகனுக்கு ஒன்றும் ஆகாது. காலையில் உங்களை உலுக்க வரும் அந்தச் சின்னக் கைக்கு, கண் எரியாத ஓர் உம்மா வேண்டும். இன்றைக்கு மட்டும் அணைத்துவிட்டுப் படுத்துப் பாருங்களேன்.